ரால்ஸின் நீதிக் கோட்பாடும் நம் இட ஒதுக்கீட்டு அரசியலும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அறவியல் தாள் படிக்கிறோம். குடிமைப்பணித் தேர்வில் 2016இல் ஜான் ரால்ஸின் சமூகநீதிக் கருத்தை இந்தியச் சூழலில் வைத்து ஆராயச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. 150 வார்த்தைக்குள் எழுத வேண்டும். அதற்குள் அடங்குகிற சங்கதி இல்லை இது என்பதால், புதிதாக வருகிற ஒவ்வொரு குழுவும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறது. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. நான் இட ஒதுக்கீட்டை ஆதரிப்பவன், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

1. யாருங்க இந்த ரால்ஸ்? அமெரிக்க வாத்தியார் ஒருத்தர் சொன்னதை வெச்சு நம்ம ஊர் அரசியலை எதுக்கு அளக்கணும்?

1921இல் பால்டிமோரில் பிறந்து, ஹார்வர்டில் நெடுங்காலம் தத்துவம் கற்பித்து, 2002இல் இறந்தவர். சிறுவயதில் இவருக்கு வந்த நோய் ஒரு தம்பிக்கு ஒட்டி அவன் இறந்தான், அடுத்த குளிர்காலத்தில் வேறொரு நோய் வந்து இன்னொரு தம்பியும் அதே மாதிரி போனான், இவர் மட்டும் பிழைத்தார். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் முனையில் சிப்பாயாக இருந்தார். தகுதி எதுவும் இல்லாமலேயே ஒருவன் பிழைப்பதும் ஒருவன் போவதும் எப்படி என்ற எண்ணம் அவருடைய எழுத்தின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். முக்கியமான புத்தகம் 1971இல் வந்த 'நீதிக் கோட்பாடு'.

நமக்கு எதற்கு என்றால், பிறந்த வீட்டை வைத்து ஒருவன் வாழ்க்கை எவ்வளவு தூரம் தீர்மானமாகலாம் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. இந்தியாவில் இதைவிடப் பெரிய அரசியல் கேள்வி கிடையாது. அதற்காக அவர் சொன்னதெல்லாம் இங்கே அப்படியே பொருந்தும் என்று இல்லை. பொருந்தாத இடம் 9ஆம் கேள்வியில் வருகிறது.

2. அறியாமைத் திரைன்னா என்ன சார்? ஒரு வரியில சொல்லுங்க.

ஒரு வரியில்: நீ எந்த வீட்டில், எந்தச் சாதியில், ஆணாகவா பெண்ணாகவா, எந்த உடம்போடு, எவ்வளவு மூளையோடு பிறக்கப்போகிறாய் என்று தெரியாத நிலையில் நாட்டின் விதிகளை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவாயோ, அதுதான் நியாயமான விதி.

பாகப்பிரிவினையில் மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் வைத்த வழக்கம் தெரியும்தானே? கடைசிப் பங்கு தனக்கு வரும் என்று தெரிந்தால் மூத்தவன் கிணற்றையும் நஞ்சையையும் ஒரே பக்கம் தள்ளமாட்டான். ரால்ஸ் அதையே நாடு முழுமைக்கும் செய்கிறார். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே எல்லாருமே மூத்தவன்.

3. அப்ப எல்லாத்தையும் சமமா பிரிச்சுக் குடுன்னு தானே சொல்றாரு? இது கம்யூனிசம் இல்லையா?

இல்லை. திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் இரண்டு கொள்கைகளுக்கு ஒப்புக்கொள்வார்கள் என்கிறார். முதலாவது, பேச்சு, மனச்சாட்சி, வாக்கு, சட்டத்தின் முன் பாதுகாப்பு போன்ற அடிப்படைச் சுதந்திரங்கள் எல்லாருக்கும் ஒரே அளவில் வேண்டும். இரண்டாவதில் இரண்டு பாதி. முதல் பாதி: பதவிகளும் வேலைகளும் பெயரளவில் திறந்திருந்தால் போதாது, ஒரே அளவு திறமையும் ஊக்கமும் உள்ள இரண்டு பேர் எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் அவற்றை எட்ட ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். அடுத்த பாதி: அதற்குப் பிறகும் வருமானத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் அந்த ஏற்றத்தாழ்வு மிகவும் கீழே இருப்பவருக்கு அதிகபட்ச நன்மை தருவதாக இருக்க வேண்டும். இதற்கு வேறுபாட்டுக் கொள்கை என்று பெயர்.

டாக்டருக்கு அதிகச் சம்பளம் கொடுக்கலாம், அதனால் கடைக்கோடி கிராமத்துக்கும் வைத்தியம் கிடைக்கிறது என்றால். கிடைக்கவில்லை என்றால் அந்தச் சம்பளத்துக்கு நியாயம் சொல்ல வேண்டியது டாக்டர், கிராமத்து ஆள் இல்லை.

வரிசை முக்கியம். சுதந்திரம் முதலில், பிறகு வாய்ப்பு, அதற்குப் பிறகுதான் வருமானப் பங்கீடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பாதிச் சண்டை இந்த வரிசையைக் குழப்புவதால்தான் வருகிறது.

4. நம்ம அரசியல் சட்டத்துல ரால்ஸ் இருக்காரா?

அரசியல் சட்டம் முந்தியது, புத்தகம் பிந்தியது. ஆனாலும் ஒற்றுமை கண்ணில் படும். முகப்புரையில் சமூக, பொருளாதார, அரசியல் நீதி. அடிப்படை உரிமைகள் நீதிமன்றம் போய்க் கேட்கக்கூடியவை, அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் அப்படிக் கேட்க முடியாதவை. சுதந்திரம் முதலில், பங்கீடு பிறகு என்ற வரிசையின் சாயல் அதில் தெரிகிறது. 38ஆம் உறுப்பு வருமான ஏற்றத்தாழ்வைக் குறைக்கச் சொல்கிறது, 46ஆம் உறுப்பு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலான நலிந்த பிரிவினரின் கல்வியையும் பொருளாதார நலனையும் தனிக் கவனத்தோடு பார்க்கச் சொல்கிறது.

ஆனால் 17ஆம் உறுப்பு மாதிரி ஒன்றை ரால்ஸிடம் தேடினால் கிடைக்காது. தீண்டாமையை ஒழிக்கிறோம் என்று அது சொல்கிறது, அதில் அரசு மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரனும் கட்டுப்பட்டவன். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான்: அரசியலில் சமத்துவம் வரப்போகிறது, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அது இல்லை, இந்த முரண்பாட்டோடு நாம் உள்ளே நுழைகிறோம் என்று.

5. இட ஒதுக்கீடு இந்த ரெண்டு கொள்கையில எதுல வருது?

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு கேள்விதான் உருப்படி என்றால் அது இதுதான். இட ஒதுக்கீடு வருவது இரண்டாவது கொள்கையின் முதல் பாதியில், அதாவது நியாயமான வாய்ப்பில். வேறுபாட்டுக் கொள்கையில் அல்ல. வறுமையைப் போக்குவது அதன் வேலையே இல்லை. தாசில்தார் நாற்காலியில், மருத்துவக் கல்லூரி வகுப்பில், நீதிமன்ற மேடையில் யார் உட்காரலாம் என்பதைப் பிறப்பு தீர்மானிக்காமல் தடுப்பது அதன் வேலை.

சென்னை மாகாணத்தில் இது எப்படி ஓடியது என்று பாருங்கள். நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் தொடங்கிய வகுப்புவாரி அரசாணை பின்னாளில் இந்த வடிவத்துக்கு வந்தது: தொழிற்கல்லூரி இடங்களில் ஒவ்வொரு 14க்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண் வழக்குப் போட்டார். (அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது, கேட்பவர்கள் பெரும்பாலும் நம்ப மறுப்பார்கள்.) 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாது என்றது. பெரியார் தலைமையில் இங்கே கிளர்ச்சி, இரண்டே மாதத்தில் முதல் அரசியல் சட்டத் திருத்தம், பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) உட்பிரிவு.

அந்தத் தீர்ப்பு சமத்துவத்தை வெறும் பெயரளவுச் சமத்துவமாகப் பார்த்தது: எல்லாருக்கும் ஒரே கதவு திறந்திருக்கிறதா, சரி, முடிந்தது. ரால்ஸ் நியாயமற்றது என்று ஒதுக்கியது இந்தப் பார்வையைத்தான். உச்ச நீதிமன்றம் அதைவிட்டு வெளியே வர 1975இல் தீர்ப்பான என்.எம். தாமஸ் வழக்கு வரை பிடித்தது. ஒதுக்கீடு சமத்துவத்துக்கு விதிவிலக்கு இல்லை, சமத்துவத்துக்குப் போகும் வழிகளில் ஒன்று என்று அதில்தான் சொன்னார்கள்.

6. அப்ப ஏழை பிராமணப் பையன் என்ன பண்ணுவான்? பொருளாதார அடிப்படையில குடுத்தாத்தானே நியாயம்?

அவன் ஏழை என்றால் அவனுக்கு நியாயம் செய்தே ஆக வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தக் கொள்கையின்படி என்பதுதான் 5ஆம் கேள்வியின் சாரம். ஏழ்மைக்கு மருந்து வேறுபாட்டுக் கொள்கையில் இருக்கிறது: உதவித்தொகை, கட்டணமில்லாத கல்லூரி, விடுதி, அப்பாவுக்கு ஒழுங்கான கூலி. சாதிச் சான்றிதழ் தேவைப்படாத மருந்துகள் எல்லாம். பணம் வந்தால் ஏழ்மை போய்விடும், பணம் வந்தாலும் வாடகைக்கு வீடு கேட்கும்போது சாதி கேட்கிறார்கள். நோய் வேறு வேறு.

இந்த இரண்டையும் கலந்து பார்த்த சோதனை தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு கிடையாது என்றது. 1980 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு இரண்டே இடம். உச்சவரம்பு திரும்பப் பெறப்பட்டது, ஒதுக்கீடு 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆனது. இதை ஓட்டு அரசியல் என்று திட்டலாம், திட்டுங்கள். ஆனால் வாக்காளர்கள் அன்று ஒரு தத்துவ வேறுபாட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

2019இல் வந்த 103ஆவது திருத்தம் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 விழுக்காடு கொடுத்தது, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்று அதை ஏற்றது. ஏழ்மைதான் அளவுகோல் என்கிற திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகளுக்கு இடமில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்களே, திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எவனாவது இதற்குக் கையெழுத்துப் போடுவானா? ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் வேறு. எனக்கு இது இரண்டு கொள்கைகளிலும் தேறாத திட்டம்.

7. தகுதி திறமைன்னு ஒண்ணு இருக்கு இல்ல? நான் ராத்திரி பகலா படிச்சு மார்க் எடுத்தா அது என்னோடது தானே?

இங்கே ரால்ஸ் சொல்வது பலருக்குக் கசக்கும். உன் மூளை உனக்குப் பிறப்பில் வந்தது, அதற்கு நீ எதுவும் செய்யவில்லை. ராத்திரி பகலாகப் படிக்கும் பழக்கம்கூட உன் வீட்டிலிருந்து வந்தது. தனி அறை, மின்விளக்கு, 'படிக்கிற பிள்ளையை எழுப்பாதே' என்று சொல்ல ஓர் அம்மா. ஆகவே எல்லாமே என் உழைப்பு என்று உரிமை கொண்டாட முடியாது என்கிறார். அதற்காக மதிப்பெண்ணைத் தூக்கிப்போடு என்று அவர் சொல்லவில்லை. நல்ல அறுவை சிகிச்சை நிபுணர் நமக்கு வேண்டும், ஆகவே தேர்வு வேண்டும். தேர்வு சமூகத்தின் தேவைக்காக இருக்கிறது, உன் பெருமைக்குப் பரிசாக அல்ல.

2020இல் தமிழ்நாடு நீட் எழுதித் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்தது. நீதிபதி கலையரசன் குழு 10 விழுக்காடு பரிந்துரைத்திருந்தது. மசோதா ஆளுநர் மேசையில் கிடக்க, அரசு அரசாணை போட்டது, மறுநாள் ஒப்புதல் வந்தது. ஒரே தேர்வு, ஒரே வினாத்தாள், ஆனால் ஒருவன் பின்னால் இரண்டு வருடப் பயிற்சி நிலையக் கட்டணம் நிற்கிறது, இன்னொருவன் பின்னால் வேதியியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த பள்ளி நிற்கிறது. ஒரே அளவு திறமை, ஒரே அளவு ஊக்கம், வேறு வேறு வாய்ப்பு: 3ஆம் கேள்வியில் சொன்ன வரையறைக்குப் பாடப்புத்தக உதாரணம். 2022 ஜனவரியில் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு வழக்கில் உச்ச நீதிமன்றமும், போட்டித் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் தகுதி என்று சுருக்கிவிட முடியாது என்று சொல்லிவிட்டது.

8. கலெக்டர் பையனுக்கும் கோட்டாவா? அதுலயும் எஸ்.சி.க்குள்ளேயே சில பேருக்குத்தான் எல்லாம் போகுதுன்னு சொல்றாங்களே?

இரண்டு கேள்வியாகப் பிரிக்கிறேன். பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்களை விலக்கச் சொன்னது 1992 நவம்பரில் வந்த இந்திரா சஹானி தீர்ப்பு. மண்டல் பரிந்துரைத்த 27 விழுக்காட்டை ஏற்று, 50 விழுக்காடு உச்சவரம்பையும் வைத்த அதே தீர்ப்பு. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் இந்த விலக்கு கிடையாது, 69 விழுக்காடு 1994இல் 76ஆவது திருத்தம் வழியாக, நீதிமன்றம் எளிதில் கைவைக்க முடியாத ஒன்பதாவது அட்டவணைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நியாயமான வாய்ப்பு என்ற கண்ணோட்டத்தில், கலெக்டர் மகனுக்குப் பிறப்பால் வரும் தடை எவ்வளவு மீதி இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டியது. பிற்படுத்தப்பட்டோரில் பல சாதிகளுக்கு அது நிஜமாகவே குறைந்துவிட்டது என்பதால், அங்கே விலக்குக்கு ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. என் நண்பர்கள் பலர் இதற்குச் சண்டைக்கு வருவார்கள். பட்டியல் சாதியில் அப்படிச் சொல்லமாட்டேன், கலெக்டரையே சாதியைச் சொல்லி ஏசுகிற நாட்டில் அவர் மகனுக்குத் தடை தீர்ந்தது என்பது அவசரம்.

உள் ஒதுக்கீடு வேறு சங்கதி. தமிழ்நாடு 2009இல் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு பிரித்துக் கொடுத்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு 6க்கு 1 என்று இப்படிப் பிரிப்பது செல்லும் என்றது. மிகவும் கீழே இருப்பவர் யார் என்று தேடச் சொன்னால், தேடல் 'பட்டியல் சாதி' என்ற சொல்லோடு நின்றுவிடக் கூடாது. கழிவுநீர்த் தொட்டிக்குள் யார் இறங்குகிறார்கள் என்று பாருங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்ய 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். உள்ளே இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக்கியது. சாவுக்கான இழப்பீட்டை உயர்த்திக்கொண்டே போகிற நிலைமையில் நிற்கிறோம் என்பதே, அந்த வேலைக்குப் பிறப்பு எவ்வளவு இறுக்கமாக ஆளை அனுப்புகிறது என்பதற்குச் சாட்சி.

9. ரால்ஸ் சாதியைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காரா? இல்லேன்னா எப்படிப் பொருந்தும்?

சாதி அமைப்புள்ள சமூகங்களை, பிறவியின் தற்செயலை நிறுவனமாக்கிவிட்ட சமூகங்கள் என்று போகிற போக்கில் குறிப்பிடுகிறார், அவ்வளவுதான். தன் நாட்டு நிறப் பாகுபாட்டைப் பற்றியே அவர் போதுமான அளவு எழுதவில்லை என்று சார்ல்ஸ் மில்ஸ் என்ற தத்துவாசிரியர் கடுமையாகக் கேட்டார். ரால்ஸ் கட்டியது எல்லாரும் விதியை மதித்து நடக்கும் ஒரு லட்சியச் சமூகத்துக்கான கோட்பாடு. நமக்குக் கையில் இருப்பதோ நூற்றாண்டுக் கணக்கில் அநியாயம் செய்து, அதைப் புண்ணியம் என்று பெயரிட்ட சமூகம். பழைய கணக்கைத் தீர்ப்பது எப்படி என்று அவர் சொல்லித்தரவில்லை.

இன்னொரு பொருந்தாத இடம். அவருக்கு 'மிகவும் கீழே இருப்பவர்' என்றால் வருமானமும் சொத்தும் குறைந்தவர், உதாரணத்துக்குக் கைத்தொழில் தெரியாத கூலியாள். அம்பேத்கர் பார்த்தது படிக்கட்டு மாதிரியான ஏற்றத்தாழ்வை, அதில் ஒவ்வொருவனுக்கும் மேலே ஒருவனும் கீழே ஒருவனும் இருப்பதால் யாரும் மொத்தக் கட்டுமானத்தையும் எதிர்க்கத் துணியமாட்டார்கள். கீழ் ஒன்று, மேல் ஒன்று என்ற கணக்கு இங்கே செல்லாது. இடைநிலைச் சாதிக்காரர் ஒரே நாளில் காலையில் ஒதுக்கீட்டுக்காகப் போராடி மாலையில் சேரித் தெரு வழியாக ஊர்வலம் போகக் கூடாது என்று சண்டை போடுவதை ரால்ஸின் கோட்பாட்டை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது.

ஆனால் ஓர் இழை இருக்கிறது. பகிர வேண்டிய நன்மைகளில் சுயமரியாதைக்கான சமூக அடிப்படை அநேகமாக மிக முக்கியமானது என்கிறார் ரால்ஸ். பணத்துக்கும் மேலே அதை வைக்கிறார். ரெட்டைக் குவளையில் தேநீர் குடித்தவனின் நஷ்டத்தைக் கணக்கில் எடுக்க அந்த ஒரு வரி போதும். ஆகவே நான் சொல்வது, ரால்ஸை அம்பேத்கரோடு சேர்த்துப் படியுங்கள், தனியாக வேண்டாம்.

10. வயித்துக்குச் சோறு இல்லாதவனுக்குப் பேச்சு சுதந்திரம் எதுக்கு? எமர்ஜென்சியில ஏழைக்கு நல்லது நடந்துச்சுன்னு எங்க தாத்தா சொல்வாரே?

தாத்தா சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் 1975 அக்டோபரில், நெருக்கடி நிலை நடக்கும்போதுதான் வந்தது, 1976இல் சட்டமாயிற்று. மிகவும் கீழே இருந்தவர்களுக்கான சட்டம், மறுக்கவில்லை.

ரால்ஸின் வரிசைப்படி சுதந்திரத்தை விற்றுப் பணம் வாங்க முடியாது. கொத்தடிமையை விடுவிக்க எதிர்க்கட்சிக்காரரைச் சிறையில் வைக்கும் அவசியம் எங்கே இருக்கிறது? ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. சம்பந்தம் இருப்பது மாதிரிக் காட்டுவதுதான் அந்த வாதத்தின் சாமர்த்தியம். 1976இல் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, கொத்தடிமைக்கும் அந்தக் கதவு சேர்ந்தே மூடிற்று. ஒரு நுணுக்கம் மட்டும்: ஓரளவு நல்ல சூழ்நிலை உள்ள சமூகத்துக்குத்தான் இந்த வரிசை முழுதாகப் பொருந்தும் என்று அவரே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். அதுவும், எல்லாருக்கும் சுதந்திரம் நிஜமாகக் கிடைக்கும் நாளைக் கொண்டுவருவதற்கான ஏற்பாடாக இருந்தால்தான்.

11. இலவசம் எல்லாம் சமூகநீதியா, ஓட்டுக்கு லஞ்சமா?

ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு இரண்டும் வாய்ப்புக் கணக்கில் வருபவை, பசியோடு வரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கதவு திறந்திருந்தும் பயனில்லை. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. காலை நாலரை மணிப் பேருந்தில் பூக்கூடையோடு ஏறும் அம்மாவுக்கு அது சில்லறை மிச்சம் மட்டும் இல்லை, எந்த ஊர் சந்தைக்குப் போவது என்று வீட்டில் யாரையும் கேட்காமல் தீர்மானிக்கலாம். கலர் டிவியை இந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், யார் காசில் என்ற கேள்வி. டாஸ்மாக் வழியாக அரசுக்கு ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. குடிப்பவர்களில் பெரும்பாலானோர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கூலிக்காரன் பையிலிருந்து எடுத்து அவன் மனைவி கணக்கில் போடுவதை வேறுபாட்டுக் கொள்கை என்று சொன்னால் ரால்ஸ் சிரிப்பார்.

12. வீட்டுக்குள்ள நடக்குறது இதுல வருமா? இல்ல அரசாங்கம் மட்டும்தானா?

முதலில் ரால்ஸ் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தது 'குடும்பத் தலைவர்களை'. வீட்டுக்குள் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்பது கணக்கிலேயே வரவில்லை என்று பெண்ணியத் தத்துவாசிரியர் சூசன் மொல்லர் ஓகின் 1989இல் வந்த புத்தகத்தில் பிடித்தார். அதே 1989இல்தான் தமிழ்நாடு மூதாதையர் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் போட்டது. ஒன்றிய அரசு அங்கே வர 2005 ஆயிற்று.

13. வாரிசு சொத்துக்கு வரி போடணும்னு ரால்ஸ் சொன்னாராமே? அது இங்க நடக்குமா?

சொன்னார், அழுத்தமாகவே. சொத்து சில குடும்பங்களிடம் குவிந்தால் வாய்ப்பும் அரசியலும் அவர்கள் கைக்குப் போய்விடும், ஆகவே தலைமுறைதோறும் அதைப் பரவலாக்க வேண்டும் என்பது அவர் நிலை. இங்கேயும் இருந்தது. 1953இல் வந்த எஸ்டேட் வரி, உச்ச விகிதம் 85 விழுக்காடு வரை போனது. 1985இல் அதை எடுத்தவர் அன்றைய நிதியமைச்சர் வி.பி. சிங். வசூல் சொற்பம், தொல்லை அதிகம் என்று காரணம். ஐந்தே வருடத்தில், 1990இல், பிரதமராக மண்டல் பரிந்துரையை அமல்படுத்தியவரும் அவர்தான். ஒரு கையால் வேலைவாய்ப்பில் பிறப்பின் பிடியைத் தளர்த்தினார், முன்பே இன்னொரு கையால் சொத்தில் அதன் பிடியை இறுக்கியிருந்தார். நம் சமூகநீதி அரசியலின் வடிவமே இதுதான் என்று எனக்குத் தோன்றும். அரசு வேலையைப் பங்கு போடுவதில் கெட்டிக்காரர்கள், சொத்து என்றதும் வாய் மூடிக்கொள்வோம். செல்வ வரியும் 2015இல் போய்விட்டது. 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் வாரிசு வரி என்று ஒருவர் வெளிநாட்டிலிருந்து பேசியதற்கே எத்தனை கலவரம், காங்கிரஸ் அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அலறியடித்து மறுத்தது.

14. அமர்த்தியா சென் இவரை எதிர்த்து எழுதினாரே, அப்ப யாரை எழுதுறது பரீட்சையில?

2009இல் வந்த 'The Idea of Justice' என்ற அந்தப் புத்தகத்தைச் சென் ரால்ஸின் நினைவுக்கே சமர்ப்பித்தார், ஆகவே 'எதிர்த்து' என்பது கொஞ்சம் அதிகம். முழு நியாயமான சமூகம் எப்படி இருக்கும் என்று வரைந்து முடிக்க வேண்டிய அவசியமில்லை, இரண்டு நிலைமைகளில் எது குறைந்த அநியாயம் என்று ஒப்பிட்டாலே போதும் என்பது சென்னின் வாதம். 8ஆம் கேள்வியில் வந்த கழிவுநீர்த் தொட்டிக்குச் சென் போதும். எந்த விதத்தில் இடங்களைப் பங்கிடுவது என்றால் ரால்ஸ் வேண்டும். எதிர் முனையில் ராபர்ட் நோசிக் என்ற தத்துவாசிரியர், நேர்மையாகச் சம்பாதித்ததைப் பறிக்க அரசுக்கு உரிமை இல்லை என்பவர். அவரை நம் நிலங்களுக்குப் பொருத்தினால் வேடிக்கையாக இருக்கும். முதலில் கையகப்படுத்தியது நேர்மையாக நடந்ததா என்று அவரே கேட்பார், அந்தக் கேள்வியைப் பட்டா வைத்திருக்கும் எத்தனை பேர் தாங்குவார்கள் என்று தெரியவில்லை.

15. நம்ம வரிப்பணம் பீகாருக்குப் போகுது. கீழ இருக்கிறவனுக்குக் குடுன்னு ரால்ஸ் சொன்னா, அது சரின்னு ஆயிடாதா?

இந்தக் கேள்விக்குத்தான் வகுப்பில் சத்தம் அதிகமாகும். 2021-26க்கான 15ஆவது நிதிக்குழுக் கணக்கில், மாநிலங்களுக்குப் பிரித்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் பீகாருக்குப் பத்து ரூபாய் சொச்சம், தமிழ்நாட்டுக்கு நாலு ரூபாய் சொச்சம் போனது. அந்தப் பங்கீட்டு அளவுகோலில் 45 விழுக்காடு எடை, ஒரு மாநிலத்தின் தனிநபர் வருமானம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு இருந்தது. ரால்ஸின் கண்ணால் பார்த்தால் இது தப்பில்லை, சொல்லப்போனால் 6ஆம் கேள்வியில் நாம் கொண்டாடிய வேறுபாட்டுக் கொள்கையேதான். கோயம்புத்தூரில் பிறப்பதும் பீகாரின் மதுபனியில் பிறப்பதும் திரைக்குப் பின்னால் ஒன்றுதான்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. ரால்ஸ் 1999இல் எழுதிய புத்தகத்தில், தனித்தனி மக்கள் சமூகங்களுக்கு இடையே வேறுபாட்டுக் கொள்கை பொருந்தாது, நலிந்தவர் சொந்தக் காலில் நிற்கும்வரை உதவும் கடமை மட்டும் உண்டு என்கிறார். தமிழ்நாடு தனிச் சமூகமா, இந்தியா என்ற ஒரே சமூகத்தின் பகுதியா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு வாதாட வேண்டும். ஒரு கையில் அகில இந்திய ஒதுக்கீட்டில் 27 விழுக்காடும் வேண்டும், மறு கையில் பீகாருக்குக் கொடுக்கக் கூடாது என்றால் எதிராளி விடமாட்டான்.

இரண்டு விஷயத்தில் நம் பக்கம் பலம் இருக்கிறது. கொள்கை பேசுவது மிகவும் கீழே இருக்கும் மனிதரைப் பற்றி, மாநில அரசைப் பற்றி இல்லை. பாட்னாவுக்குப் போகும் பணம் அங்கே கடைக்கோடியில் இருக்கும் முசகர் என்ற பட்டியல் சாதியினரின் குடியிருப்புக்குப் போய்ச் சேருகிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. (அதே கேள்வியை அவர்கள் சென்னையைப் பார்த்தும் கேட்கலாம்.) இன்னொன்று, ஒன்றிய அரசு போடும் செஸ், கூடுதல் வரி இரண்டும் இந்தப் பங்கீட்டுத் தொகுப்புக்குள்ளேயே வருவதில்லை. சண்டை போடுவதானால் அதற்குப் போடுங்கள், அந்தப் பணத்தில் பீகாருக்கும் பங்கு கிடையாது.